சீனக் குழந்தைகளை அயல்நாட்டார் சுவீகரித்தல்

1992 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த சட்டத்தின் வாயிலாகச் சீன அரசாங்கம் தன் அநாதை விடுதிக் குழந்தைகளை அயல்நாட்டார் சுவீகாரம் கொள்ள இடமளித்தது. அதுமுதல் அமெரிக்கக் குடும்பங்களை மட்டும் 80,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள், அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், சென்றடைந்தனர்.

சுவீகாரம் வேண்டிய அமெரிக்கத் தம்பதிகளின் வீடு தேடி வந்து சமூக ஊழியர் அவர்களுடைய வருமானம், தேகசுகம், இல்வாழ்க்கை ஆகியவற்றை விசாரித்து எழுதும் அறிக்கை, குடியேற்றத் துறையின் முன்னனுமதி, விவாகச் சான்றிதழ், போலீஸ் நற்சான்று, உத்தியோகக் கடிதம், சமையலறை முதலாக வீட்டைக் காட்டும் புகைப்படங்கள் என யாவும் ஒரே கட்டாகச் சேரவேண்டியிருந்தது. பத்திரங்களில் நோட்டரி கையொப்பமிட, அக்கையொப்பம் மெய்யென்று மாநில அரசுச் செயலாளரும், அவர் முத்திரை மெய்யென்று சீனத் தூதரகத்தாரும் அத்தாட்சி செய்தனர். எழுதியிருப்பது சத்தியந்தானா என்பதை இவர்களுள் எவரும் ஆராயவில்லை. முன்னவர் கையெழுத்துக்குப் பின்னவர் சாட்சி, அவ்வளவே. பெற்றோராக விழைந்தவர்களைப் பற்றி இத்தனை காகிதம் திரண்டிருக்க, குழந்தையின் பூர்வோத்தரமோ பெரும்பாலும் கண்டெடுக்கப்பட்ட இடம், உத்தேசமான பிறந்த நாள் என்ற ஓரிரு வரிகளில் அடங்கிற்று. அவ்வரிகளையும் நம்பிவிட இயலாது என்பதை, ஹூனான் மாகாணத்து விடுதிகள் சில குழந்தைகளை விலைக்கு வாங்கிக் கண்டெடுத்தனவாகக் கணக்கெழுதிய செய்தி 2005-இல் வெளிப்பட்டபோது உலகம் அறிந்தது.

பெய்ஜிங்கிலிருந்த மத்திய சுவீகார நிலையத்தில் கட்டு பதிவான தேதியே ஒவ்வொரு குடும்பத்துக்கும் வரிசையில் உரிய இடமாயிற்று. அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 7,900 குழந்தைகள் சென்ற 2005-இல் காத்திருப்பு மாதக் கணக்கில் முடிந்தது. பின்னர் விண்ணப்பங்கள் பெருகி, விடுதிகளில் ஆரோக்கியமான சிசுக்கள் அருகவே, 2006-இன் பிற்பகுதியில் பதிவு பெற்றவர்கள் ஆறாண்டுக்கு மேலும் காத்துக்கிடந்தனர். பத்திரங்களோ அவ்வளவு காலம் பொறுக்கவில்லை. குடியேற்றத் துறையில் பதித்த கைரேகை 15 மாதங்களில் காலாவதியாகிவிட்டது, அறிக்கையைப் புதுப்பிக்கவேண்டியிருந்தது, உத்தியோகம் மாறினாலும் வீடு மாறினாலும் அதையும் எழுதித் தெரிவிக்கவேண்டியிருந்தது. இருதய நோயோ பிளந்த உதடோ உள்ள குழந்தையை ஏற்க இசைந்தோர்க்கு மட்டும் விரைவானதொரு வழி இருந்தது. பிற்காலத்தில் அதுவே பெருவழியாயிற்று. தமக்கெனக் குழந்தை குறிக்கப்பட்டபின் தம்பதிகள் சீனா சென்று, மாகாணத் தலைநகரில் சுவீகாரத்தைப் பதிந்து, குவாங்சோவிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா பெற்றுத் திரும்பினர்.

2020 தொடக்கத்தில் கொள்ளைநோயை முன்னிட்டு இப்பயணங்கள் நின்றன. 2024 செப்டம்பரில், நெருங்கிய இரத்த உறவினரும் மாற்றாந்தாய் தந்தையரும் நீங்கலாக, அயல்நாட்டார்க்கு இனிக் குழந்தைகளை அனுப்புவதில்லையெனச் சீனா அறிவித்தது. குழந்தை குறிக்கப்பட்டு, நிழற்படமும் கைக்கு வந்து, நான்காண்டுகளாகக் காத்திருந்த குடும்பங்களின் கட்டுகளும் அவ்வறிவிப்போடு முடித்துவைக்கப்பட்டன.