ஆயிரம் பொற்கொல்லர்

கொரிய நாட்டுக் கதையொன்று சில ஆண்டுகளாக நம் மாணவர் பேச்சில் அடிபட்டு வருகிறது. 2009 முதல் 2011 வரை ஜூ டொங்-குன் என்பார் இணையத்தில் தொடராக வரைந்த சித்திரக்கதை அது. 2022 சனவரியில் நெட்ஃபிளிக்ஸ் வழியாகப் பன்னிரண்டு பகுதிகளில் திரைக்கு வந்தது. ஒரு பள்ளிக்கூடத்திலே கிருமியொன்று பரவ, மாண்டவர் எழுந்து நடைப்பிணங்களாகி மற்றவரைக் கடிக்கின்றனர். கிருமியை உண்டாக்கியவர் அப்பள்ளியின் விஞ்ஞான ஆசிரியர். சக மாணவரால் வதைக்கப்பட்ட தம் மகனுக்கு எங்கும் நியாயம் கிடைக்கவில்லை என்ற ஆற்றாமையே அவரை அந்நிலைக்குத் தள்ளிற்று. இறுதியில், நோயை ஒழிக்க வேறு வழியில்லை என்று நகரின்மீது குண்டு பொழியப்படுகிறது. கட்டளையிட்ட தளபதி தம்மைத் தாமே சுட்டுக்கொள்கிறார். உயிர் தப்பிய மாணவர் முகாமில் அடைக்கப்படுகின்றனர். பாதி நோயுற்ற நாம்ரா என்னும் மாணவி மட்டும் ஊருக்குள் திரும்ப இயலாதவளாய் வெளியே நின்றுவிடுகிறாள்.

கதை திரைக்கு வந்தபோது முடிவில் மாற்றங்கள் செய்யப்பட்டன. எது நல்ல முடிவு என்று மாணவர் தம்முள் வாதிடுகின்றனர். நல்ல வாதமே. ஆனால் எவருக்கு நல்ல முடிவு என்றும் கேட்டல் வேண்டும். இக்கேள்வியை ஆராயக் கொரியா வரை செல்லவேண்டியதில்லை. கிடைக்காத நீதி, எழுந்த பிணம், எரிந்த நகர், தொடர்ந்த கொள்ளைநோய் ஆகிய நான்கும் கொண்ட கதையொன்று நம் வகுப்பறைப் பாடநூலிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தையே குறிப்பிடுகிறோம்.

கோவலன் வெட்டுண்ட பின் கண்ணகி அவனைத் தழுவுகிறாள். மாண்டவன் எழுந்து நிற்கிறான். அவள் முகம் வாடியதைச் சொல்லி, கண்ணீரைத் தன் கையால் துடைக்கிறான். அவளை இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு வானோருடன் மறைகிறான். ஊர்சூழ்வரியில் வரும் இக்காட்சி சில கணங்களே நீடிக்கிறது. இளங்கோ அவனை உயிருடன் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தால் வழக்குரை காதைக்கு இடமேது? இறந்தவன் மீளமாட்டான் என்ற உறுதியே கண்ணகியை அரசவைக்கு அனுப்புகிறது.

இதே கதை நம் தீவிலே சிங்கள மக்களிடம் வேறு முடிவு பெற்றது. கண்ணகி அவர்களுக்குப் பத்தினி தெய்வம், கோவலன் பாலங்க. கம்மடுவச் சடங்கில் பாலங்க கொல்லப்பட்டு, பத்தினியால் உயிர்ப்பிக்கப்படுவது நாடகமாகவே நடிக்கப்படும். அதற்கு ‘மரா இபத்தீம’, அதாவது கொன்று எழுப்புதல், என்று பெயர். பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பெருநூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். வறட்சிக்கும் நோய்க்கும் அஞ்சிய உழவர் கண்ணகியிடம் வேண்டியது உயிர். அவர்களுக்கேற்ற முடிவை அவர்களே ஆக்கிக்கொண்டனர்.

ஈழத் தமிழரின் முடிவும் தனித்தன்மை உடையது. மதுரையை எரித்தவள் சினம் ஆறாமல் இங்கு வந்து, பத்தாவதாகத் தங்கிய இடமே வற்றாப்பளை என்பது வன்னி மக்களின் ஐதிகம். மட்டக்களப்பிலே வைகாசியில் கண்ணகிக்குக் குளிர்த்தி பாடுவர். எரித்தவளைக் குளிர்விப்பதே அங்கு கதையின் நிறைவு. யாழ்ப்பாணத்திலோ கதை வேறு வழியிற் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர், சமண வணிகப் பெண்ணைச் சைவர் வணங்குவதோ என்று கண்டித்தார். பின்னர்க் கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி, புவனேசுவரி கோயில்களாக மாறின. பாமரர் தெய்வத்தைப் படித்தவர் பெயர் மாற்றினர். இதையும் ஒரு முடிவு மாற்றம் என்றே கொள்ளவேண்டும்.

திரைப்படமும் தன் பங்கைச் செய்தது. பி. யு. சின்னப்பாவும் கண்ணாம்பாவும் நடித்த ‘கண்ணகி’ 1942இல் வந்தது. இளங்கோவனின் உரையாடலைக் கண்ணாம்பா அரசவையில் முழங்கியது தலைமுறை கடந்தும் பேசப்பட்டது. 1964இல் மு. கருணாநிதி எழுதிய ‘பூம்புகார்’ வந்தது. இரண்டிலும் உச்சம் வழக்குரை காட்சியே. குடிமகள் ஒருத்தி மன்னனை நேர்நின்று குற்றஞ்சாட்டுவதைக் கண்டு கொட்டகைகள் ஆர்ப்பரித்ததில் வியப்பில்லை. அந்த ஆர்ப்பரிப்பை நாம் மதிக்கிறோம். ஆயினும் திரை காட்டாத ஒரு முடிவு காப்பியத்தில் உண்டு.

உரைபெறு கட்டுரை அதைச் சில வரிகளிற் சொல்லிவிடுகிறது. மதுரை எரிந்தபின் பாண்டிநாட்டில் மழை பொய்த்தது, வறுமை வந்தது, வெப்புநோயும் அம்மையும் தொடர்ந்தன. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டுச் சாந்தி செய்தான். மழை பெய்தது, நோய் நீங்கியது. அது ஒரு பகற்பொழுதில் நடந்ததென்று நீர்ப்படைக் காதை கூறும். அடுத்து, கொங்கரும் இலங்கைக் கயவாகுவும் சோழனும் கண்ணகிக்கு விழா எடுத்த செய்திகள் மங்கலமாகத் தொடர்கின்றன.

வஞ்சித்தவன் ஒரு பொற்கொல்லன். தீர விசாரியாது கொல்லச் சொன்னவன் மன்னன். மன்னன் தன் பிழை உணர்ந்து வீழ்ந்தான் என்று காப்பியம் அவனைப் போற்றுகிறது. எஞ்சிய பழியைச் சுமந்தவர் யார்? கோவலனைக் கண்டிராத, சிலம்பைத் தொட்டிராத, உலைமுன் ஊதுகுழலுடன் அமர்ந்திருந்த ஆயிரம் உழைப்பாளிகள். அவர்களுடைய மனைவியர் எவரும் தலைவிரி கோலமாய் அரசவைக்குச் சென்றதாகக் காப்பியம் சொல்லவில்லை. கண்ணகியின் நெருப்புக்கூட முதியோரையும் குழந்தைகளையும் விலக்கித் தீயோர்பால் செல்லுமாறு ஏவப்பட்டது. செழியனின் வாளுக்கு அத்தகைய கட்டளை எதுவுமில்லை. இக்கொலை உண்மையில் நிகழ்ந்ததோ இல்லையோ, அதனைச் சாந்தி என்று சொல்ல ஒரு காலம் கூசவில்லை என்பதே வரலாற்றுச் செய்தி.

அக்காலம் கழிந்துவிட்டதா? 2020 மார்ச்சில் அரியாலையில் நடந்த ஒரு மதக்கூட்டத்தின் வழியாகக் கொரோனா யாழ்ப்பாணத்துக்கு வந்தது. கூடியவர்கள் தனிமைப்படுத்தப்பட்டனர். அது மருத்துவம், வேண்டியதே. ஆனால் நோயோடு வேறொன்றும் பரவிற்று. அரியாலை என்று ஊரைச் சொன்னால் எதிரில் நின்றவர் ஓரடி பின்வாங்கியதை நாம் கண்டோம். நோயாளியின் மதத்தையே நோயின் காரணமாகப் பேசியோரில் படித்தவரும் இருந்தனர். அதே ஆண்டு ஏப்ரலில், கொரோனாவால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என்று அரசு வர்த்தமானி வெளியிட்டது. புதைப்பது பாதுகாப்பானதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும், முஸ்லிம் மக்களின் உடல்கள் அவர்தம் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டன. இருபது நாட் குழந்தையின் உடலும் அவற்றுள் ஒன்று. 2021 பெப்ரவரி இறுதியிலேதான் அக்கட்டளை மாற்றப்பட்டது. அரசு மன்னிப்புக் கேட்டது 2024இல். செழியன் செய்த சாந்திக்கும் இதற்கும் அளவில் வேறுபாடு பெரிது. எண்ணத்தில் வேறுபாடு சிறிது.

ஆகவே, கொரியக் கதையின் முடிவைப் பற்றி வாதிடும் மாணவரை நாம் கடியவேண்டியதில்லை. முகாமுக்கு வெளியே நிற்கும் நாம்ராவுக்காக அவர்கள் மனம் இளகுகிறதல்லவா? அந்த இளக்கத்தோடு அவர்களை உரைபெறு கட்டுரைக்கு அழைத்துவருவோம். தேர்வுக்காக நாம் விரைந்து கடந்துவிடும் அச்சில வரிகளில் வகுப்பை ஒரு பாடவேளை நிறுத்துவோம். கண்ணகி கேட்ட நீதியை அந்த ஆயிரவருக்காகவும் கேட்க அவர்கள் அங்கே கற்றுக்கொள்ளட்டும்.