மரபணுச் சோதனையும் தனிமனித சம்மதமும் (மட்டக்களப்பு – கல்முனைக் கரையோரம்)

ஒருவர் யார், யாருடைய பிள்ளை என்பதை மரபணுவால் நிறுவும் சோதனையில் உறவினரின் அறியும் உரிமையும் தனிமனிதருக்குத் தம் உடல்மீதுள்ள உரிமையும் மோதுவதுண்டு. இலங்கையின் கிழக்குக் கரையோரத்தில் இக்கேள்வி கல்முனையில் ஒரு கைக்குழந்தைக்காகவும் குருக்கள்மடத்தில் இறந்தோருக்காகவும் எழுந்தது.

முன்வரலாறு

1984இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் மரபணு ரேகை முறையைக் கண்டறிந்தார். ஆர்ஜென்டினா, இராணுவ ஆட்சியில் பறிக்கப்பட்ட குழந்தைகளைத் தேட 1987இல் மரபணு வங்கி அமைத்தது. அப்படிப் பறிக்கப்பட்டதாகக் கருதப்படும், வளர்ந்துவிட்ட ஒருவரிடம் வலிந்து இரத்தம் எடுக்கலாகாது என்றும், அவர் புழங்கிய பொருள்களிலிருந்து மாதிரி பெறலாம் என்றும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2009இல் கூறியது.

சுனாமி பேபி 81

2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலைக்குப் பின் மீட்கப்பட்ட சுமார் இரண்டு மாத ஆண் குழந்தை கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டது. அன்று அனுமதிக்கப்பட்டவர்களில் 81ஆவது என்பதால் அந்த எண்ணே குழந்தையின் பெயராயிற்று. ஒன்பது தம்பதியர் உரிமை கோரியதாக உலகெங்கும் செய்தி பரவியது. முறைப்படி கோரியது ஒரே தம்பதியர்தான் என்று பின்வந்த செய்திகள் கூறின.

2005 பெப்ரவரி தொடக்கத்தில் கல்முனை நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு உத்தரவிட்டது. முடிவு வரும்வரை குழந்தை வைத்தியசாலையிலேயே இருக்க வேண்டும் என்றதும் அங்கே தள்ளுமுள்ளு ஏற்பட்டது. உரிமை கோரிய தந்தை சிறிது நேரம் தடுத்து வைக்கப்பட்டார். கொழும்பில் மாதிரிகள் எடுக்கப்பட்டன. அத்தம்பதியரே பெற்றோர் என்று பெப்ரவரி 14இல் முடிவு வந்தது. 16இல் குழந்தை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பிள்ளை கிடைத்தால் தேங்காய் உடைப்பதாகத் தாய் நேர்ந்திருந்ததையும் செய்தியாளர் எழுதினர்.

சம்மதம் சொல்ல வயதில்லாத குழந்தைக்காக நீதிமன்றம் முடிவெடுத்தது. பெற்றோரைக் கண்டறிவது குழந்தையின் நலனுக்கே என்பதால் அதை நியாயமெனக் கொள்ளலாம். சோதனைக்குப் பிறகும் அச்சிறுவனை விடாமல் தொடர்ந்த உலக விளம்பரத்துக்கு அந்த நியாயம் பொருந்துமா என்பது வேறு கேள்வி.

குருக்கள்மடம்

மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேசத்திலுள்ள குருக்கள்மடம் பகுதியில், 1990 ஜூலையில் காத்தான்குடி நோக்கிப் பயணித்த முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் கடத்திக் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டதாக முறைப்பாடு உள்ளது. எண்ணிக்கை மூலத்துக்கு மூலம் வேறுபடுகிறது. எச்சங்களை மீட்டு இஸ்லாமிய முறைப்படி நல்லடக்கம் செய்ய உறவினர் கோருகின்றனர். 2014இல் களுவாஞ்சிகுடி நீதிமன்றம் அகழ்வுக்கு உத்தரவிட்டும் பணி நடக்கவில்லை. 2025இல் மீண்டும் அனுமதி கிடைத்தது.

எலும்பு மட்டும் பெயர் சொல்லாது. ஒப்பிட உறவினரின் மாதிரி வேண்டும். அதைத் தருவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். ஒருவர் தருவது அவருடைய இரத்த உறவினர் அனைவரைப் பற்றிய தகவலுமாகும். இலங்கையின் 2022ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவைச் சிறப்பு வகையில் வைத்துள்ளது. அடையாளம் காணப் பெற்ற மாதிரியை வேறெதற்கும் பயன்படுத்துவதில்லை என்ற உறுதியை, மாதிரி கேட்கும் முன்பே உறவினருக்கு எழுத்தில் தர வேண்டும்.