மெர்சென் எண் 2⁶⁷ − 1

2⁶⁷ − 1 என்பது 147573952589676412927 என்னும் 21 இலக்க முழு எண்ணாகும். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இது பகா எண் எனக் கருதப்பட்டு வந்தது. 1876இல் இது பகு எண் என நிறுவப்பட்டது. ஆனால் இதன் காரணிகள் 1903இல்தான் தெரியவந்தன. ஓர் எண் பகு எண் என்று அறிவதும், அதன் காரணிகளைக் கண்டறிவதும் வெவ்வேறு செயல்கள் என்பதற்கு இவ்வெண்ணின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டாகும்.

மெர்சென்னின் பட்டியல்

2இன் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் கிடைப்பவை மெர்சென் எண்கள் எனப்படுகின்றன. இத்தகைய எண் பகா எண்ணாக இருக்க, அடுக்கும் பகா எண்ணாக இருக்க வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது: 2¹¹ − 1 = 2047 = 23 × 89. பிரெஞ்சுத் துறவி மரின் மெர்சென், 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே பகா எண்களைத் தரும் என்று 1644இல் எழுதினார். அதற்கு அவர் நிறுவல் தரவில்லை. பட்டியலில் 67, 257 ஆகியவை தவறானவை என்பதும், 61, 89, 107 ஆகியவை விடுபட்டுள்ளன என்பதும் பிற்காலத்தில் தெரியவந்தன.

லூக்காஸின் சோதனை

பிரெஞ்சுக் கணிதவியலாளர் எடுவார் லூக்காஸ், காரணிகளைத் தேடாமலேயே மெர்சென் எண்களைச் சோதிக்கும் வழியைக் கண்டார். பின்னர் டி. எச். லெமர் எளிமையாக்கிய வடிவில் அது பின்வருமாறு அமையும்: 4இல் தொடங்கி, எண்ணை வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். இதனை அடுக்கைவிட இரண்டு குறைவான தடவைகள் செய்தபின் மீதி 0 எனில் அது பகா எண். 31க்கு (2⁵ − 1) மூன்று படிகளில் 14, 8, 0 என வரும். எனவே 31 பகா எண். 2⁶⁷ − 1க்கு 65 படிகளுக்குப் பின்னும் 0 வருவதில்லை. இவ்வாறு பகு எண் என்பது உறுதியானாலும், எவற்றால் அது வகுபடும் என்பதை இச்சோதனை சொல்வதில்லை.

கோல் கண்ட காரணிகள்

2⁶⁷ − 1இன் எந்தப் பகாக் காரணியும் 134k + 1 என்ற வடிவில்தான் இருக்கும். இருப்பினும் சிறிய காரணிக்கு k = 14,45,580 ஆகும். ஒவ்வொன்றாகக் கையால் வகுத்துப் பார்ப்பது மிகக் கடினம். அமெரிக்கக் கணிதவியலாளர் பிராங்க் நெல்சன் கோல், இருபடி எச்சங்களைப் பயன்படுத்தித் தேடல் எல்லையைச் சுருக்கினார். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் அவர் தமது முடிவை முன்வைத்தார்:

193707721 × 761838257287

கோல் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் இப்பெருக்கலைச் செய்து காட்டி அமர்ந்தார் என்றும், இதற்கு மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டார் என்றும் எரிக் டெம்பிள் பெல் எழுதிய கதை பரவலாக அறியப்படுகிறது.

இன்றைய பயன்பாடு

காரணிகள் கிடைத்துவிட்டால் பெருக்கிச் சரிபார்ப்பது எளிது. அவற்றைத் தேடுவதுதான் கடினம். 1977இல் உருவான ஆர்.எஸ்.ஏ. மறையாக்க முறை இந்த வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டது. கோலின் எண்ணை இன்றைய கணினி நொடிப்பொழுதில் பிரித்துவிடும். ஆர்.எஸ்.ஏ. முறையில் பரவலாகப் பயன்படும் 617 இலக்க எண்களை அவ்வாறு பிரிக்க இயல்வதில்லை.