மிதிலையில் ஒரு கல்யாண வீட்டுச் சுவர்

மிதிலை என்ற பெயரைக் கேட்டமாத்திரத்தில் நம்மில் பலருடைய நினைவிலும் எழுவது கம்பநாடரின் பால காண்டமும், அதிலே கன்னிமாடத்தின் மேல் நின்ற ஜானகியுந்தான். ஆனால் மிதிலை காவியத்தோடு முடிந்துபோன நகரம் அன்று. வடக்கே இமயத்தின் அடிவாரமும் தெற்கே கங்கையும், மேற்கே கண்டகியும் கிழக்கே கோசியும் எல்லைகளாக அமைய, வெள்ளமும் வண்டலும் மாறிமாறி ஆட்சி புரியும் ஒரு சமவெளியாக அது இன்றும் இருந்துவருகிறது. அதன் பெரும்பகுதி பீகாரின் வடபாகத்தில் தர்பங்கா, மதுபனி முதலிய ஜில்லாக்களிலும், ஜனகபுரம் உள்ளிட்ட எஞ்சிய பகுதி நேபாளத்திலும் அடங்கும். அந்நாட்டு ஸ்திரீகள் தங்கள் வீட்டில் கல்யாணம் நிச்சயமானவுடன் உள்ளறைச் சுவரில் சித்திரம் எழுதும் வழக்கம் உடையவர்கள். சீதையின் விவாகத்துக்காக ஜனக மகாராஜன் நகரமெங்கும் சித்திரம் தீட்டச் சொன்னான் என்றும், அன்று தொடங்கியதே தங்கள் கலை என்றும் அவர்கள் சொல்லுவார்கள். இந்த ஐதிகத்துக்குச் சாசனச் சான்று தேடிப் பயனில்லை. ஆனாலும் அந்தக் கலை கோயிலில் பிறந்ததென்றோ அரண்மனையில் பிறந்ததென்றோ கூறாமல் ஒரு கல்யாணத்தில் பிறந்ததென்று அவர்கள் கூறுவதை நான் மிகவும் பொருட்படுத்துகிறேன்.

கல்யாண ஏற்பாட்டில் அந்நாட்டு ஆடவருக்கு உரியது ஏடு. பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிதிலையை ஆண்ட கர்ணாட வம்சத்து ஹரிசிம்ம தேவன் காலத்தில், பிராமணர், காயஸ்தர் ஆகியோரின் குல வரிசைகளைத் தொகுத்து எழுதிவைக்கும் ‘பஞ்சி’ என்னும் முறை ஒழுங்கு செய்யப்பட்டதாகச் சொல்வார்கள். அதைப் பாதுகாத்துப் படிக்கத் தெரிந்தவர் பஞ்சிகார். தந்தை வழியில் ஏழு தலைமுறையும் தாய் வழியில் ஐந்து தலைமுறையும் பார்த்து, இரு குடும்பத்துக்கும் இரத்த சம்பந்தம் இல்லையென்று கண்டபின், ‘சித்தாந்தம்’ என்ற பத்திரத்தை அவர் எழுதிக் கொடுத்தாலன்றி முற்காலத்தில் விவாகம் நடந்ததில்லை. மதுபனிக்கு அருகிலுள்ள சௌராட் கிராமத்தின் மாந்தோப்பில், முகூர்த்த காலத்தையொட்டி ஆண்டுதோறும் மைதிலப் பிராமணர்கள் கூடுவார்கள். பெண்ணைப் பெற்றவர்களும் அவள் தமையன்மாரும் வரனைத் தேடுவதும், பஞ்சிகார் ஏட்டைப் புரட்டுவதும் அங்கேதான். ஆடவர் கூடும் அந்தச் சபையில் சம்பந்தம் முடிவாகி, தோப்பிலிருந்து வீட்டுக்குச் செய்தி வந்த பிறகு, பெண்களுடைய வேலை ஆரம்பமாகிறது. முகூர்த்தத்துக்கு நாள் அதிகம் இராது.

வீட்டின் உட்கட்டில் ஓர் அறையை ஒழித்து வைப்பார்கள். அதற்குக் ‘கோஹபர்’ என்று பெயர். மணமகன் பெண் வீட்டிலே தங்கும் நாட்களில் மணமக்கள் இருவரும் இருக்க வேண்டிய அறை அது. மண் சுவரின் வெடிப்புகளை அடைத்து, மண்ணும் சாணமும் குழைத்து மெழுகி, அது உலர்ந்தபின் வெள்ளை பூசுவார்கள். பிறகு சமையலும் மாட்டுக்கொட்டில் வேலையும் நெல் குத்துதலும் முடிந்து, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிற்பகல் நேரத்தில், தெருவிலுள்ள உறவினர் பெண்கள் அந்த அறையில் வந்து சேருவார்கள். வர்ணங்களுக்காக எவரும் கடைத்தெருவுக்குப் போக வேண்டிய அவசியம் முற்காலத்தில் பெரும்பாலும் இருந்ததில்லை. விளக்குப் புகையில் படிந்த மசி கருமைக்கும், மஞ்சள் மஞ்சளுக்கும், அவரை முதலிய இலைகளின் சாறு பச்சைக்கும், ஊறவைத்து அரைத்த அரிசி மாவு வெண்மைக்கும் உதவின. இவை சுவரில் பற்றி நிற்கப் பசையோ ஆட்டுப்பாலோ சேர்த்தார்கள். மூங்கிற் சிம்பின் நுனியை நைத்தோ, அதில் சிறிது பஞ்சைச் சுற்றியோ செய்ததுதான் தூரிகை. வயதில் மூத்த, கைதேர்ந்த ஒரு சுமங்கலி முதற்கோட்டை இழுப்பாள். மற்றவர்கள் அவளுடைய கோட்டுக்கு உட்பட்டு நிறம் நிரப்புவார்கள். சிறுமிகள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பார்கள். அந்தப் பார்வைதான் அவர்களுக்குக் கிடைத்த பாடசாலை. எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த பெண்கள், ஓர் அளவுகோலும் இன்றி, பெரும்பாலும் முன்மாதிரியும் கையில் இன்றி, ஆள் உயரத்துக்கு மேற்பட்ட ஒரு சுவரைப் பிசகில்லாமல் நிரப்பிய திறமை இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிற்று.

எழுதப்படும் சித்திரத்தின் அமைப்பைச் சொல்லாமல் போவதற்கில்லை. நடுவே மூங்கில் தண்டு போன்ற ஒரு நெடிய தண்டு. அதைச் சுற்றிலும் வட்ட வட்டமாகத் தாமரைகள் அல்லது தாமரை இலைகள். பக்கத்தில் கிளைத்து வளரும் மூங்கிற் புதர். தாமரை பெண்ணையும் மூங்கில் ஆணின் வம்சத்தையும் குறிப்பன என்று பொதுவாகப் பொருள் கூறுவர். இணைக் கிளிகள் அன்பையும், மீனும் ஆமையும் சந்தான விருத்தியையும் குறிக்கும். சூரிய சந்திரர் சாட்சியாக மேலே நிற்பார்கள்; பாம்புகள் உண்டு; கௌரி பூஜை செய்யும் மணமகளின் உருவமும் உண்டு. நான்கு மூலைகளிலும் ‘நைனா ஜோகின்’ என்ற பெண்ணுருவம், பெரும்பாலும் ஒரே கண் தெரியும்படியாக, திருஷ்டி படாமல் அறையைக் காத்து நிற்கும். கல்யாணமான அன்றே தம்பதிகள் கூடுவதில்லை. முதல் மூன்று இரவுகள் விரதமாகக் கழிந்து, நான்காம் நாளாகிய சதுர்த்தியன்றே சடங்கு பூர்த்தியாகும். நம் நாட்டு வைதிக விவாகங்களிலும் நான்காம் நாளுக்குரிய சேஷ ஹோமம் இந்தப் பழைய விதியின் சுவடாகவே நிற்கிறது. இளம் வயதில், ஒருவரையொருவர் முன்பின் பாராத இருவர், அந்த மூன்று இரவுகளிலும் பார்த்திருக்கத் தக்கதாக அச்சுவரே இருந்தது. வாயால் ஒருவரும் எடுத்துச் சொல்லக் கூசும் விஷயங்களை, பாட்டிமார்கள் தாமரையாகவும் மூங்கிலாகவும் எழுதி அவர்களுக்கு எதிரே நிறுத்தினார்கள்.

சுவரோடு பெண்களின் கைவேலை நின்றுவிடவில்லை. முற்றத்தில் அரிசி மாவை விரல்களால் ஒழுகவிட்டு ‘அரிபன்’ இடுவார்கள். மார்கழி விடியலில் நம் வாசலில் இடும் மாக்கோலத்தை அறிந்த எவரும் அதைப் பார்த்தவுடனே உறவு கொண்டாடுவர். சதுப்பு நிலத்தில் விளையும் ‘சிக்கி’ என்ற பொன்னிறப் புல்லைப் பறித்து, உலர்த்தி, சிலவற்றுக்குச் சாயம் ஏற்றி, தடித்த புல்லை உள்ளே வைத்து அதன்மேல் சுற்றிச் சுற்றி ஊசியால் பின்னிக் கூடைகளும் மூடியிட்ட பேழைகளும் செய்வது கன்னிப்பெண்களின் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று சொன்னாலும், அது ஒவ்வொருத்தியும் தன் கல்யாணத்தை நோக்கிச் செய்யும் வேலை. குங்குமமும் நகையும் சிறு சாமான்களும் வைத்து அவள் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோகும் பேழைகளில் அவளே பின்னியவையும் இருக்கும். மணமகன் வீட்டார் அனுப்பும் செந்தூரத்தைப் பொதிந்துவரும் காகிதத்திலும் கோஹபர்ச் சித்திரத்தைச் சிறிதாக எழுதி அனுப்புவது வழக்கம். அப்படி வந்த காகிதத்தைச் சில வீடுகளில் பத்திரப்படுத்தி, பின்னர் வரும் கல்யாணத்தில் மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். இவ்வாறு ஓர் ஊரின் கைப்பாங்கு மற்றோர் ஊருக்குச் சென்றது. அதைவிட அதிகமாகச் சென்றது மணமகளின் மூலமாகவே. பிறந்த வீட்டில் பார்த்துப் பழகிய கோட்டை அவள் புகுந்த வீட்டுச் சுவரில் இழுத்தாள். அங்கே மாமியாரின் கோட்டோடு அது கலந்தது.

கல்யாணம் முடிந்த பிறகு அந்தச் சுவரை எவரும் காப்பாற்ற முயலவில்லை. மழைக்காலத்து ஈரம் பாதியை அரிக்கும். மிச்சத்தை அடுத்த மெழுகலும் வெள்ளையும் மறைக்கும். இன்னொரு பெண்ணுக்குக் கல்யாணம் வரும்போது அதே இடத்தில் மீண்டும் எழுதுவார்கள். ஆடவரின் பஞ்சி ஏடு, பூச்சி அரிக்காமல், மழை படாமல் காத்துவைத்ததனால் அறுநூறு ஆண்டுகள் நிலைத்தது. பெண்களின் சித்திரமோ அழிந்துகொண்டே இருந்ததனால் நிலைத்தது. சுவர் அழியாமல் இருந்திருக்குமானால், ஒரு பாட்டி எழுதியதைப் பேத்தி பார்த்து வணங்கியிருப்பாளேயன்றித் தான் தூரிகையைக் கையில் எடுத்திருக்க மாட்டாள் என்று எண்ணுகிறேன். வேறு எந்தக் காரணத்தைக் காட்டிலும், ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதிதாக எழுதியே தீரவேண்டும் என்ற இந்த நிர்ப்பந்தமே அக்கலையைப் பெண்களின் கையில் உயிரோடு வைத்திருந்தது.

வெளியுலகம் அச்சுவர்களைக் கண்டது ஒரு பெரும் நாசத்தினால். 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி பீகாரையும் நேபாளத்தையும் குலுக்கிய பூகம்பத்தில் வீடுகள் இடிந்து, அந்நிய ஆடவர் கண்ணில் படாதிருந்த உள்ளறைகள் தெருவுக்குத் திறந்து கிடந்தன. சேதத்தைப் பார்வையிடச் சென்ற டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் என்ற ஆங்கில அதிகாரி, பாதி இடிந்து நின்ற சுவர்களிலே அந்தச் சித்திரங்களைக் கண்டு வியந்தார். பின்னர் அவற்றைப் புகைப்படம் எடுத்து, 1949-இல் ‘மார்க்’ என்ற கலைப் பத்திரிகையில் அவற்றைப் பற்றி எழுதினார். ஐரோப்பாவின் நவீன ஓவியர்களோடு அப்பெண்களை ஒப்பிட்டுப் பாராட்டிய அவருடைய ரசிகத் தன்மையை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். ஆயினும் இடிந்த வீட்டினுள் யாருடைய கல்யாணத்துக்கு அவை எழுதப்பட்டனவோ அந்தக் குடும்பங்களையும், எழுதிய பெண்களின் பெயர்களையும் சரித்திரம் அப்போது குறித்துக்கொள்ளவில்லை.

பெயர்கள் வெளிவந்ததும் ஒரு துன்பத்தினால்தான். 1966-67-இல் பீகாரில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, அகில இந்தியக் கைத்தொழில் வாரியத்தைச் சேர்ந்த புபுல் ஜயகர், பம்பாய் ஓவியரான பாஸ்கர் குல்கர்ணியை மதுபனிக்கு அனுப்பினார். சுவரில் எழுதும் பெண்கள் காகிதத்தில் எழுதினால் அதை விற்றுக் குடும்பத்துக்குச் சோறு கிடைக்கும் என்பது யோசனை. முதலில் அப்பெண்கள் தயங்கியதில் வியப்பில்லை. கல்யாணமில்லாமல் கோஹபர் எழுதுவது எப்படி? எனினும் பசி தயக்கத்தை வென்றது. ஜித்வார்பூரைச் சேர்ந்த ஜகதம்பா தேவிக்கு 1975-இலும், அதே ஊர் சீதா தேவிக்கு 1981-இலும், ராண்டி கிராமத்து மகாசுந்தரி தேவிக்கு 2011-இலும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பிராமணப் பெண்கள் நிறம் நிரப்பி எழுதும் ‘பர்னி’ முறையும், காயஸ்தப் பெண்கள் நுண்கோடுகளாலேயே எழுதும் ‘கச்னி’ முறையும் நகரத்தார் அறிந்த பெயர்களாயின. பழைய ஒழுங்கில் இடம் பெறாதிருந்த துசாத் வகுப்புப் பெண்கள், உடலில் பச்சை குத்தும் கோலங்களையே காகிதத்தில் ஏற்றித் தங்களுக்கென ஒரு முறையை உண்டாக்கினார்கள். ராண்டியில் மகாசுந்தரி தேவியின் வீட்டில் வேலைக்காரியாக இருந்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட மீனவர் குலத்துத் துலாரி தேவிக்கு 2021-இல் அதே பத்மஸ்ரீ வந்தது. காகிதத்துக்கு மாறியதனால் கலை கெட்டது என்று சொல்லும் ரசிகர்களோடு நான் உடன்படமாட்டேன். சுவரில் எழுதிய காலத்தில் துலாரி தேவி அந்த அறைக்குள் எழுத அனுமதிக்கப்பட்டிருக்க மாட்டார்.

இவர்களுள் கங்கா தேவியின் வாழ்க்கை என் நெஞ்சை விட்டு அகலுவதில்லை. காயஸ்த குலத்தில் 1928-இல் பிறந்து, தாயாரிடம் தூரிகை பிடிக்கக் கற்ற அவர், விவாகமான பின் பிள்ளைப்பேறு வாய்க்காமல், கணவர் மற்றொருத்தியை மணந்துகொண்டதையும் கண்டார். சந்தான விருத்திக்கென்றே எழுதப்படும் தாமரையையும் மூங்கிலையும் அவரைப்போல் நுணுக்கமாக எழுதியவர் வேறொருவர் இல்லை. அவருடைய கோடுகள் மயிரிழையினும் மெலியவை. கறுப்பும் சிவப்புமாக ஓடி, ஓரிடத்திலும் தடுமாறாதவை. 1984-இல் பத்மஸ்ரீ பெற்று, ரஷ்யா, ஜப்பான், அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்றார். மனித வாழ்வின் பிறப்பு முதலான நிலைகளை வரிசைச் சித்திரங்களாக எழுதினார். புற்றுநோய் கண்டு டில்லியில் சிகிச்சை பெற்ற காலத்தில், அங்குள்ள தேசியக் கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அறையின் சுவர் முழுவதும் கோஹபரை எழுதிவைத்தார். நோயோடு எழுதிய அந்தச் சுவர்தான் அவருடைய கடைசிப் பெரும்பணி. 1991-இல் அவர் காலமானார்.

அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்கும் வேலையின்போது அச்சுவர் அழிக்கப்பட்ட செய்தி 2015-இல் வெளியாயிற்று. மிதிலையிலே எத்தனையோ கோஹபர்கள் அழிந்தனவே, இதற்கு மட்டும் ஏன் வருந்த வேண்டும் என்று கேட்கலாம். மிதிலையில் ஒரு சுவர் அழிந்தால், அடுத்த பெண்ணின் முகூர்த்தத்துக்கு முன் அதை எழுதும் கடமை அவ்வீட்டில் யாருக்காவது உண்டு. டில்லிச் சுவருக்கு அடுத்த முகூர்த்தம் கிடையாது. கங்கா தேவிக்குப் பெண்ணோ மருமகளோ இல்லை. அந்தக் கோட்டை அந்த அளவில் மீண்டும் இழுக்கக் கூடியவரும் எவருமில்லை. ஜ்யோதீந்திர ஜைன் அவரைப் பற்றி எழுதிய நூலிலும் சில புகைப்படங்களிலும் அவருடைய கைத்திறனைக் காணலாம். இன்று மதுபனிப் பக்கத்தில் சிமெண்டு வீடு கட்டியிருப்பவர்கள், பெரிய காகிதத்திலே கோஹபர் எழுதி அறையில் ஒட்டிக்கொள்கிறார்கள். அதை எழுதத் தெரிந்தவர் வீட்டில் இல்லையென்றால் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருத்தியை அழைத்துவருகிறார்கள். அவள் கோடு இழுக்கும்போது வீட்டுப் பெண்கள் சுற்றியிருந்து, மைதிலிக் கவி வித்யாபதி காலத்திலிருந்து வரும் கல்யாணப் பாட்டுகளைப் பாடுகிறார்கள்.