முகவரிப் பட்டியலும் கணினி வலையும்: இந்திய உளவு ஸ்தாபனங்களின் தகவல் இணைப்பு வரலாறு குறித்து ஒரு மறுபரிசீலனை

நேட்கிரிட் என்று சுருக்கமாக வழங்கப்படும் தேசிய உளவுத் தகவல் வலையமைப்பின் பூர்வ சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் மூன்றே படிகளில் ஏறி முடித்துவிடுகிறார்கள். 2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி இரவு மும்பையில் தொடங்கிய தாக்குதல் முதற்படி. நான்கு நாள் கழித்து உள்துறைப் பொறுப்பு ப. சிதம்பரத்திடம் வந்தது இரண்டாம் படி; 2009 டிசம்பர் 23ஆம் தேதி, மத்திய உளவுத்துறையான ஐ.பி.யின் நூற்றாண்டு அறக்கட்டளைச் சொற்பொழிவாக அவர் புதுதில்லியில் ஆற்றிய உரை மூன்றாம் படி. அவர் 1945இல் கானாடுகாத்தானில் பிறந்தவர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனை இவ்வூரின் நடுவே நிற்கிறது. ஆகவே அந்த உரையின்பால் இவ்வூரார்க்குத் தனிப்பட்ட அபிமானம் உண்டு; எனக்கும் உண்டு. அபிமானம் உள்ளவனே அதை நெருங்கிப் படிக்கக் கடமைப்பட்டவன் என்பதால், அவ்வுரை வகுத்துக் காட்டிய வரலாற்றுக் கிரமத்தோடு எனக்குள்ள கருத்து வேற்றுமையை இங்கே விரிவாகச் சொல்ல எண்ணுகிறேன்.

உரையின் போக்கு இது. உளவு ஸ்தாபனங்கள் வெவ்வேறு அதிகார பீடங்களுக்குப் பதில் சொல்பவை: ஐ.பி. உள்துறைக்கு, வெளிநாட்டு உளவு ஸ்தாபனமான ரா அமைச்சரவைச் செயலகத்தின் வழியே பிரதமருக்கு, ராணுவ உளவு பாதுகாப்புத் துறைக்கு, வருமான வரியும் சுங்கமும் நிதித் துறைக்கு. இவற்றை ஒரு மேஜையின் முன் அமர்த்தும் பொருட்டு 2001 டிசம்பரில் நிறுவப்பட்ட பல்முகமை மையம், அதாவது மேக், 2008 டிசம்பர் 31ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட ஆணையால் புத்துயிர் பெற்றது. காவல் நிலையங்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றுக் கிடக்கின்றன. குரலால் பேசிக்கொள்ள முடிகிறதேயன்றிப் பதிவேடுகளைப் பகிர்ந்துகொள்ள வழியில்லை. அக்குறையைக் குற்றம், குற்றவாளிகள் கண்காணிப்பு வலையமைப்பான சி.சி.டி.என்.எஸ். தீர்க்கும். அதற்கு மேலே நேட்கிரிட், 21 தரவுத்தளங்களை இணைத்து, 18 முதல் 24 மாதங்களுக்குள் நிறைவேறும். எல்லாவற்றுக்கும் சிகரமாகத் தேசியப் பயங்கரவாத எதிர்ப்பு மையம். இவை அனைத்தும் ஒரே கட்டடத்தின் அடுக்குகள் என்பதே அவ்வுரை கேட்போர் மனத்தில் பதித்த சித்திரம். பின்னால் எழுதியவர்களும் அந்தச் சித்திரத்தையே வரலாறாக ஏற்றுக்கொண்டார்கள்.

நிர்வாகி ஒருவர் தம் திட்டங்களை ஒரே கட்டடமாகக் காண்பதில் தவறில்லை. சட்டமும் நிதியும் மாநிலங்களின் சம்மதமும் வேண்டி நிற்பவருக்கு அப்படிக் காட்டுவது அவசியமும் ஆகும். வரலாறு எழுதுகிறவனுக்கு அந்த உரிமை இல்லை. நான் காண்பவை இரண்டு வம்சங்கள். ஒன்று, ஓர் உளவு ஸ்தாபனம் தான் அறிந்ததை மற்றோர் உளவு ஸ்தாபனத்துக்குச் சொல்லவேண்டும் என்ற முயற்சியின் வம்சம். மற்றொன்று, குடிமக்களைப் பற்றி அரசிடமும் வங்கிகளிடமும் கிடக்கும் சாதாரணப் பதிவுகளை உளவு ஸ்தாபனங்களின் கைக்கு எட்டச் செய்யும் முயற்சியின் வம்சம். மேக் முதலாவதைச் சேர்ந்தது. நேட்கிரிட் இரண்டாவதைச் சேர்ந்தது. இரண்டையும் ஒரே கொடிவழியில் எழுதுவதால், முதலாவதன் பிறப்பும் அதன் தீராத பிரச்சினையும் மறைந்துபோகின்றன.

இதற்கு நான் முதன்மைச் சான்றாகக் கொள்வது ஒரு கடிதம். அதன் முழு வாசகம் நம் முன் இல்லை. அது யார் யாருக்கு எழுதப்பட்டது என்ற செய்தி மட்டும் கார்கில் மறுஆய்வுக் குழுவின் அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. 1999 ஜூலை 29ஆம் தேதி அமைக்கப்பட்ட அக்குழுவின் தலைவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்ரமணியம், உறுப்பினர்கள் கே. கே. ஹஸாரி, பி. ஜி. வர்கீஸ், சதீஷ் சந்திரா. கார்கில் போருக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னர், 1998 ஜூன் 2ஆம் தேதி, பாகிஸ்தானின் வடபகுதிப் படைப் பிரதேசத்தில் நடந்துவந்த சில காரியங்களைப் பற்றி ஐ.பி. இயக்குநர் தாமே கையெழுத்திட்டு ஒரு தகவல் அனுப்பினார். அதைப் பெற்றவர்கள் ஐவர்: பிரதமர், உள்துறை அமைச்சர், அமைச்சரவைச் செயலாளர், உள்துறைச் செயலாளர், ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர். பெறாதவர்கள் மூவர்: ராவின் செயலாளர், கூட்டு உளவுக் குழுவின் தலைவர், ராணுவ உளவுத்துறையின் தலைமை இயக்குநர்.

இந்த ஐந்தையும் மூன்றையும் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். எல்லைக்கு அப்பால் நடப்பதைத் துருவி அறியும் ஆள்பலமும் சாதனமும் உடையது ரா. வந்த தகவல்களை எல்லாம் ஒன்றோடொன்று வைத்து மதிப்பிடுவதே தொழிலாகக் கொண்டது கூட்டு உளவுக் குழு. களத்தில் நிற்கும் படைக்கு எச்சரிக்கை தரவேண்டியது ராணுவ உளவு. அதாவது, தகவலை வைத்துக்கொண்டு மேற்கொண்டு விசாரிக்கக்கூடியவர்கள் ஒருவர்கூடப் பட்டியலில் இல்லை. ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநரை விட்டால், மற்ற நால்வரும் கேட்டு உத்தரவிடும் ஸ்தானத்தில் உள்ளவர்கள். மேலே சென்ற செய்தி உத்தியோகக் கிரமப்படி கீழே இறங்கி உரியவர்களைச் சேரும் என்று தாம் எதிர்பார்த்ததாக இயக்குநர் குழுவின் முன் சொன்னார். ராவின் செயலாளர் விஷயத்தில் அது நடக்கவில்லை. அக்காலத்தில் கூட்டு உளவுக் குழுவின் தலைமையையும் கூடுதல் பொறுப்பாக வகித்தவர் அவரே; ஆதலால் ஒரு மனிதருக்குச் செல்லாமற்போன ஒரு தாள், இரண்டு ஸ்தாபனங்களுக்குச் செல்லாமற்போயிற்று. இத்தகைய தகவல் சம்பந்தப்பட்ட அனைவருக்கும் நேரடியாக அனுப்பப்பட்டிருக்கவேண்டும் என்று குழு தீர்ப்பளித்தது. சுப்ரமணியம் 1970களின் இறுதியில் அதே கூட்டு உளவுக் குழுவின் தலைவராக இருந்தவர் என்பதை நினைவில் கொண்டால், அத்தீர்ப்பின் அமைதியான வாக்கியத்துக்குப் பின்னே அனுபவத்தின் கனம் தெரியும்.

இதில் கம்பி இல்லாத குறை எங்கே இருக்கிறது? டில்லியில் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருந்த அலுவலகங்கள் இவை. தாள் இருந்தது, தட்டச்சு இருந்தது, சேவகர் இருந்தார். இல்லாதது மூன்று பெயர்களை முகவரியில் சேர்த்தே தீரவேண்டும் என்ற நியதி ஒன்றுதான். 1968 செப்டம்பரில் ஐ.பி.யிலிருந்து வெளிநாட்டு உளவைப் பிரித்து ஆர். என். காவ் தலைமையில் ரா நிறுவப்பட்டபோதே அந்த நியதிக்கான தேவை பிறந்துவிட்டது. முப்பது ஆண்டுகளாக அது எழுதப்படாமலே கிடந்தது.

அடுத்த சான்றோ சிதைந்தது. கார்கில் அறிக்கையைப் பரிசீலிக்க 2000 ஏப்ரலில் எல். கே. அத்வானி தலைமையில் அமைச்சர் குழு ஒன்று அமைந்தது. உளவு பற்றி அதற்கு ஆலோசனை சொன்ன பணிக்குழுவின் தலைவர் முன்னாள் ரா தலைவர் ஜி. சி. சக்சேனா. 2001 பிப்ரவரியில் அளிக்கப்பட்ட அமைச்சர் குழு அறிக்கை மே மாதம் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டபோது, உளவு அமைப்பைப் பற்றிய மூன்றாம் அத்தியாயம் பாதுகாப்பு காரணமாக நீக்கப்பட்டது. தலைப்பு இருக்கிறது, உள்ளே ஒரு வரியும் இல்லை. மேக்கை முதலில் கருதியவர்கள் அதைக் கணினிகளின் இணைப்பாகக் கருதினார்களா, அதிகாரிகளின் கூட்டமாகக் கருதினார்களா என்ற கேள்விக்கு விடை கிடக்கவேண்டிய இடம் அதுவே.

விடை அங்கே இல்லை என்பதால் வாதத்தைக் கைவிட நான் சம்மதியேன். பின்வந்த ஆணையைக் கொண்டு முன்னிருந்த குறையை அனுமானிக்கலாம். 2008 டிசம்பர் 31ஆம் தேதி ஆணை மேக்குக்குப் புதிதாகத் தந்தது எது? எல்லா ஸ்தாபனங்களுக்கும், மாநில அரசுகளின் ஸ்தாபனங்களுக்கும், தகவலைப் பகிர்ந்தளிக்க மேக் கடமைப்பட்டது என்றும், அவ்வாறே மற்ற ஸ்தாபனங்கள் யாவும் மேக்குக்குத் தகவல் தரக் கடமைப்பட்டவை என்றும் அது விதித்தது. ஏழு ஆண்டு வயதான ஒரு மையத்துக்கு, அதன் பிறவிக் காரியமே எதுவோ அதைக் கடமை என்று இரண்டாம் முறை சொல்லவேண்டி வந்தது என்றால், அவ்வேழு ஆண்டுகளில் குறைந்திருந்தது இயந்திரம் அன்று, கட்டாயமே என்று கொள்வதே நேரிய அனுமானம். மாநிலத் தலைநகரங்களின் துணை மையங்களோடு மின் இணைப்பு விரிவடைந்தது ஆணைக்குப் பிறகு. புதிய உள்துறை அமைச்சர் நாள்தோறும் நண்பகலில் உளவுத் தலைவர்களை அழைத்துத் தாமே தலைமை வகித்து நடத்திய கூட்டமும் இந்தக் கருத்துக்கே அரண் செய்கிறது. அவருடைய உரையை அவருடைய செயலைக் கொண்டு மறுக்கவேண்டியிருப்பது எனக்கு மனநிறைவையே தருகிறது. ஏனெனில் செயலில் அவர் நோயைச் சரியாகவே கண்டிருந்தார்.

மும்பைத் தாக்குதலையே எடுத்துக்கொண்டாலும், மகாராஷ்டிர அரசு நியமித்த ராம் பிரதான் குழு, 2006 முதலே எச்சரிக்கைகள் தொடர்ந்து வந்திருந்ததைக் காட்டிற்று. தகவல் போய்ச் சேர்ந்தது. அதைக் கோத்துப் பார்க்கும் பொறுப்பு ஒருவர் தலையிலும் உறுதியாக விடியவில்லை.

அமெரிக்காவில் இதே வம்சத்தின் முதல் முயற்சி கணினி வழியாகவே நடந்தது என்பதால் அதையும் ஒப்புநோக்கலாம். 1965இல் பரிசோதனையாக அங்கீகரிக்கப்பட்ட காயின்ஸ் என்ற வலையமைப்பு, தேசியப் பாதுகாப்பு முகமையின் நிர்வாகத்தில், சி.ஐ.ஏ., பாதுகாப்பு உளவு முகமை, வெளியுறவுத் துறை முதலியவற்றின் கணினிகளை இணைக்க முயன்றது. எந்தக் கோப்பை வலையில் வைப்பது என்பதை அந்தந்த முகமையே தீர்மானித்தது. ஆகவே கம்பி ஓடிய இடத்திலும் சொந்தக் கோப்பை விட்டுக்கொடுக்கும் மனம் பின்தங்கியே நின்றது. 1994இல் இன்டெலிங்க் வந்த பின்னரும் அது தீரவில்லை என்பதற்கு, பகிர்வின் அவசியத்தை 2004ஆம் ஆண்டிலும் புதிதாக வற்புறுத்த நேர்ந்த செப்டம்பர் 11 விசாரணைக் குழுவின் அறிக்கையே சாட்சி.

ரங்கூன் மொகல் தெருவில் கடை வைத்திருந்த நம் நகரத்தார், கடைக்குக் கடை போட்டியுள்ளவர்களாயினும், மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்துக்கொண்ட வழக்கம் இங்கே நினைவுக்கு வருகிறது. ஒருவர் பேரேட்டை மற்றவர் புரட்டவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியவேண்டியது எதுவோ அது குறித்த நாளில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்பட்டது. அதற்குப் பின்னிருந்த கட்டாயம் வழக்கத்தின் கட்டாயம்.

இனி நேட்கிரிட். அதன் 21 தரவுத்தளங்கள் எவை? வருமான வரி, வங்கிக் கணக்கு, தொலைபேசி, குடிவரவு, ரயில் மற்றும் விமானப் பயணம் முதலியவை. ஐ.பி.யின் அந்தரங்கக் கோப்பு ராவுக்கோ, ராவின் கோப்பு ஐ.பி.க்கோ இதனால் திறக்கவில்லை. 1998ஆம் ஆண்டுக் கடிதம் போன்ற ஒன்று நேட்கிரிட் முழுமையாக இயங்கும் நாளில் எழுதப்பட்டாலும், அதன் முகவரியில் விடுபட்ட மூவரை நேட்கிரிட் சேர்க்காது. அதன் முன்னோர்கள் வேறு: 1986இல் நிறுவப்பட்ட தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், 2004இல் காவல் நிலையங்களுக்கு வந்த சிப்பா மென்பொருள், 2009 ஜூனில் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒப்புதல் பெற்ற சி.சி.டி.என்.எஸ். இவை பதிவேட்டைக் கணினியாக்கிய வம்சம். அந்த வம்சத்தில் நேட்கிரிட்டை வைத்தால்தான், அதற்கு எழுந்த எதிர்ப்பின் தன்மையும் விளங்கும். நிதித்துறை போன்றவை கேட்ட கேள்வி உளவு ரகசியம் பற்றியதன்று, தம்மிடம் குடிமகன் நம்பி ஒப்படைத்த விவரத்தை யார் எந்த அதிகாரத்தால் பார்ப்பார் என்பது. 2011 ஜூனில் திட்டத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்தது. அதே மாதம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து அது விலக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தது எனக்கு உவப்பானதன்று: மக்களின் பதிவுகளை நோக்கித் திறக்கும் கதவு, மக்களின் கேள்விக்கு அடைபட்டது.

2012இல் சிதம்பரம் நிதித்துறைக்கு மாறினார். அவ்வாண்டு தொடக்கத்திலேயே தேசியப் பயங்கரவாத எதிர்ப்பு மையம், ஐ.பி.யின் கீழ் கைது அதிகாரத்தோடு அமைவதை ஜெயலலிதா உள்ளிட்ட முதலமைச்சர்கள் எதிர்த்ததால் நின்றுபோயிருந்தது. மேக்கைத் தன்னுள் அடக்கிக்கொள்ளவேண்டிய சிகரம் அது. நேட்கிரிட்டின் பெங்களூர் வளாகம் 2022 மே மாதத்தில்தான் திறக்கப்பட்டது. 24 மாதம் என்ற கணக்கு இவ்வளவு நீண்டதற்குக் கருவிகளின் தாமதத்தை மட்டும் காரணம் சொல்வது, இரண்டு வம்சங்களையும் ஒன்றாக்கிய அதே பிழையின் மறுவடிவம்.

அப்படியானால் முதலாவது வம்சத்துக்கு எந்த ஆண்டைத் தொடக்கமாகக் குறிப்பது? 2001 டிசம்பர், 2008 டிசம்பர் 31 ஆகிய இரண்டுக்கும் நியாயம் உண்டு; ஸ்தாபனம் பிறந்த நாளைக் கொள்பவர் முன்னதையும், கடமை பிறந்த நாளைக் கொள்பவர் பின்னதையும் எழுதட்டும். நான் தற்காலிகமாகப் பின்னதையே கொள்கிறேன். நீக்கப்பட்ட மூன்றாம் அத்தியாயம் வெளியாகி, அதில் பகிர்வுக் கடமை 2001லேயே வாசகமாக எழுதப்பட்டிருந்தது என்று தெரியவருமானால், இத்தேதியை ஏழு ஆண்டு முன்னே நகர்த்தவேண்டும். அப்போது எழுதியும் நிறைவேறாமற்போனது ஏன் என்ற, இதைவிடக் கடினமான விசாரணை தொடங்கும்.