அரண் காத்தவர்கள்

அல்சூரை அடுத்து, தமிழ் மக்கள் செறிந்து வாழும் கௌதமபுரத்தில், அம்பேத்கர், அன்னை தெரேசா ஆகியோர் சிலைகளுடன் பிரேசில் நாட்டுப் பீலேயின் சிலையும் நிற்கிறது. அப்பகுதி மக்கள் காற்பந்தின்மீது கொண்ட காதலுக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆயினும் பீலே கோல் அடித்தவர். கோல் விழாமற் காத்தவர்க்கு எவர் சிலை எடுத்தனர்?

1948 ஜூலை 31 அன்று, இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சை எதிர்த்து ஆடியது. நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலினர். மைசூர் ஆட்டக்காரர் சாரங்கபாணி இராமன் அடித்த கோலே ஒலிம்பிக் காற்பந்தில் இந்தியாவின் முதற் கோல். அதனால் அவர் பெயர் நிலைத்தது. நம் கோல்வாயிலில் நின்றவரோ பெங்களூர் வரதராஜ். இராமன் ஆட்டத்தைச் சமன் செய்தபின் 89ஆம் நிமிடம் வரை அவ்வரண் உடையவில்லை. பின்னரே பிரான்சு 2–1 என வென்றது. பூட்சுக்காலை வெறுங்காலால் தடுப்பது எத்துணைக் கடிது என்பதை ஆடிப் பார்த்தவரே அறிவர். அன்று நாம் வீணாக்கிய இரண்டு பெனால்டிகளைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். தடுத்து நின்றவரைப் பேசுவாரில்லை.

அமெரிக்கர் இதில் நம்மினும் மேலோர் போலும். தம் நாட்டுப் பந்தாட்டத்தில், பந்து வைத்திருப்பவனைக் காக்க ஐவரை நிறுத்துகின்றனர். அவருள் நால்வர் பந்தைத் தொடுவதே அரிது. எனினும் அத்தகையோர் பலரைத் தம் புகழ்மாடத்தில் சேர்த்துள்ளனர்.

1951ஆம் ஆண்டு டில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் குழுவில் வரதராஜும் நம் ஊர்ச் சண்முகமும் இருந்தனர். இறுதியாட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் மேவாலால் என்பதை ஆர்வலர் அறிவர். இந்தோனேசியா, ஆப்கானிஸ்தானம், ஈரான் ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து அவ்விளையாட்டில் நம் வலையுள் செலுத்திய கோல் ஒன்றுகூட இல்லை.