சலுகை என்று யாரும் சொல்லாத சீட்டு

1940ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படிக்க ஒரு பெண் சேர்ந்தார். பெயர் அ. லலிதா. பதினெட்டு வயதில் விதவையானவர். கையில் ஒரு பெண்குழந்தை. 1794ல் சர்வே பள்ளியாகத் தொடங்கி, ஆண்களை மட்டுமே பார்த்திருந்த இடம் அது. விதவையை மூலையில் உட்காரவைத்த காலத்தில் இது சின்ன விஷயமில்லை. (நம்ம சேரியில் விதவைக்கு மூலையும் கிடையாது; நடவுக்குப் போயாகணும். அது வேறு கதை.)

கதவு எப்படித் திறந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. லலிதாவின் அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். பொதுக்கல்வி இயக்குநர் ஸ்டாதம் சம்மதித்தார். சீட்டு கிடைத்தது. அத்தனை பையன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக ஹாஸ்டலில் இருப்பது கஷ்டம் என்றதும், பெண்களும் சேரலாம் என்று கல்லூரியே விளம்பரம் செய்தது. பி.கே. திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் சிவிலில் சேர்ந்தார்கள். படித்து முடித்தபோது பட்டச் சான்றிதழில் அச்சாகியிருந்த 'ஹீ'யை அடித்து 'ஷீ' என்று கையால் எழுதிக்கொடுத்தார்கள். திரேசியா 1971ல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளரானார்.

வழக்கம் தளர்ந்தது, சொந்தக்காரர் பேசி இடம் கிடைத்தது, இன்ன பிரிவினர் வரலாம் என்று விளம்பரமும் ஆனது. இதை யாராவது 'சலுகை' என்று எழுதியிருக்காங்களா? முன்னோடி என்கிறோம். சரி, முன்னோடிதான். ஆனால் 1973ல் ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு வந்ததே, அன்றிலிருந்து 'தகுதி போச்சு, தரம் போச்சு' என்று ஓயாத ஒப்பாரி. முதல்வர் அறைக்குள் போய்ப் பேச நம்ம பிள்ளைகளுக்குப் பேராசிரியர் அப்பா இல்லை. அந்த அப்பா செய்த வேலையைத்தான் ஒதுக்கீடு செய்கிறது.

வெளிநாட்டிலும் பெண்களை வெளியே நிறுத்தியது தகுதி இல்லை. ருமேனியாவின் எலீசா லியோனிடாவைப் பெண் என்பதாலேயே புக்கரெஸ்ட் பாலங்கள்-சாலைகள் பள்ளி சேர்க்க மறுத்தது. அவர் 1909ல் பெர்லினில் சேர்ந்து 1912ல் எஞ்சினியராக வெளியே வந்தார். அமெரிக்காவின் கால்டெக் இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்தது 1970ல். கிண்டிக்கு முப்பது வருஷம் பின்னால்.

இங்கே ஐ.ஐ.டி.களில் நூற்றுக்குப் பத்துப் பெண்கள்கூட இல்லை என்ற நிலைமை வந்த பிறகு, 2018ல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் உண்டாக்கினார்கள். 2020க்குள் நூற்றுக்கு இருபது என்பது இலக்கு. இந்த இடங்களைப் பொதுவில் கொட்டிவிடாமல் பட்டியல் சாதிப் பெண், பழங்குடிப் பெண் என்று தனித்தனியே பிரித்தார்கள். இது முக்கியம். பெண்கள் என்ற மொத்தக் கணக்கில் மேல்சாதி வீட்டுப் பெண்ணுக்குப் பின்னால், எஸ்.சி. என்ற கணக்கில் நம்ம வீட்டுப் பையனுக்குப் பின்னால் என்று இரண்டு வரிசையிலும் கடைசியில் நின்றவள் தலித் பெண். கோச்சிங்குக்குக் காசு என்றால் நம்ம வீட்டிலும் முதலில் பையனுக்குத்தானே கட்டுகிறோம்? அணைக்கும் ரோட்டுக்கும் சித்தாளாக மண் சுமந்தவளின் மகளுக்கு அந்த நுழைவுத் தேர்வைப் பற்றிச் சொல்லவும் ஊரில் ஆள் இல்லை.